சர்வேயருக்குத் தினம் ஒரு ஷேவிங்

வீட்டுக்கெல்லாம் வர்றதில்ல சார். உங்க அப்பாவுக்கு நடக்க முடியலேன்னா ஒரு ஆட்டோ வெச்சு இங்க கூட்டிட்டு வந்துருங்க. படி ஏத்தறதுக்கு நான் ஒரு கை பிடிக்கிறேன், எதுத்தாப்புல டீக்கடைக்காரர் ஒரு கை பிடிப்பாரு. பதமா உக்கார வெச்சு, பச்சைக் குழந்தைக்குப் பண்ற மாதிரி பண்ணி அனுப்பிடறேன். ஆனா வீட்டுக்கு மட்டும் வர மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஊருக்குப் புதுசு, அதான் கேக்கறீங்க. மன்னார்குடியில வைத்திலிங்கம் வீட்டுக்கு வர மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும்.

தலையைக் கொஞ்சம் சாய்ங்க. அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை போயிருக்கேன். பொட்டியைத் தூக்கிக்கிட்டு, கொட்டற மழையில. போயும் அங்க ஷேவிங் பண்ணல. எல்லாம் அந்த சர்வேயரால. அந்த மனுஷன் எனக்குப் பண்ணின காரியத்தை யாருகிட்டயாவது சொல்லணும் சார். ஊர்க்காரங்ககிட்டச் சொல்ல முடியாது, எல்லாரும் அவர் பக்கம். நீங்க புது ஆள், நியாயத்தைக் கேப்பீங்க.

பேரு திருஞானம். தாலுகா ஆபீஸ்ல சர்வேயர். அம்பது வயசு இருக்கும். சம்சாரம் பொண்ணுங்க ஸ்கூல்ல டீச்சர், மங்கையர்க்கரசின்னு பேரு, நாங்க டீச்சர்னுதான் சொல்லுவோம். சர்வேயர் சார் எனக்கு ரொம்ப நாள் கிராக்கி. ஆனா மாசம் ஒரு தடவை, தலைக்கு மட்டும். ஷேவிங் வீட்லயே பண்ணிக்குவாரு. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. மாசம் ஒரு தடவை வருவாரு, பேப்பரைப் படிப்பாரு, 'வரட்டுமா வைத்தி'ன்னு போவாரு. மரியாதையான மனுஷன்.

போன ஆவணில அந்த மாசக் கட்டிங்குக்கு வரல. ஆபீசுக்கும் போகலேன்னு சொன்னாங்க. என்னன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மெடிக்கல் லீவுங்கறாங்க, மேலதிகாரியோட தகராறுங்கறாங்க. ஒரு நாள் அவங்க வீட்டு வாசல் வழியா போனேன். ஜன்னல்ல உக்காந்திருக்காரு. தாடி. கண்ணு தெருவைப் பாக்குது, ஆனா தெருவுல போற என்னைப் பாக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க டீச்சர்கிட்ட, சார் மாலை போட்டிருக்காரான்னு கேட்டாங்களாம். ஆமான்னு சொல்லிட்டாங்க. ஆவணி மாசத்துல யாரு சார் சபரிமலைக்கு மாலை போடுவா? ஆனா கேட்டவங்களும் சரின்னு போயிட்டாங்க. இந்த ஊர்ல தாடிக்கு ஒரு காரணம் சொல்லிட்டாப் போதும்.

புரட்டாசி பொறந்து ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ. காலைல ஏழு மணி. கடையைப் பெருக்கி, தண்ணி தெளிச்சு, ஊதுபத்தி கொளுத்தறேன். படியில சர்வேயர் சார் நிக்கறாரு. எதுத்தாப்புல டீக்கடைக் கீத்துக்குக் கீழ டீச்சர் நிக்கறாங்க, எதையோ வேடிக்கை பாக்கற மாதிரி. வாங்க சார்னேன். வந்து உக்காந்தாரு. தலையா, தாடியான்னேன். தாடியைத் தொட்டுக் காமிச்சாரு. எடுத்தேன். ரெண்டு மாசத் தாடி சார், முதல்ல கத்திரி போட்டு, அப்புறம் மிஷின், அப்புறம் கத்தி. முக்கா மணி நேரம். ஒரு வார்த்தை பேசல. முடிச்சதும் எழுந்து போயிட்டாரு. டீச்சர் பின்னாடியே போனாங்க.

மறுநாள் காலைல ஏழு மணி, திரும்ப நிக்கறாரு. நேத்துத்தான் எடுத்தது, கன்னம் கண்ணாடி மாதிரி இருக்கு. என்ன சார்னேன். உக்காந்தாரு. மூணாம் நாளும் வந்தாரு. நாலாம் நாளும். ஒண்ணும் இல்லாத கன்னத்துல நுரையைப் போட்டு நுரையை எடுக்கறேன். எனக்குப் பேசாம ஷேவிங் பண்ண வராது சார், கை ஓடாது. அதனால நானே பேசினேன். அவர் கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பாரு. சுவத்துக்கிட்டப் பேசினாக்கூட ஒரு எதிரொலி வரும்.

அஞ்சாம் நாள் சாயங்காலம் டீச்சர் தனியா வந்தாங்க. கடையில யாரும் இல்ல. உள்ள வராம படியிலயே நின்னாங்க.

"வைத்தியண்ணே, உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"தொந்தரவு என்ன டீச்சர். ஆனா தினம் எதுக்கு?"

"தஞ்சாவூர்ல ஒரு மனநல டாக்டர்கிட்டக் காட்டறோம். மனச்சோர்வுன்னு சொல்றாரு. மாத்திரை குடுத்திருக்காரு. அதோட, தினம் இன்னின்னது பண்ணணும்னு எழுதிக் குடுத்திருக்காரு. காலைல எழுந்து ஷேவிங் பண்ணணும்னு அதுல ஒண்ணு."

"வீட்லயே பண்ணிக்கலாமே."

டீச்சர் கொஞ்ச நேரம் என் கண்ணாடி மேசையைப் பாத்தாங்க. "வீட்ல பிளேடு எதுவும் வெச்சுக்கறதில்லண்ணே இப்ப. டாக்டர் எல்லாத்தையும் எடுத்துடச் சொன்னாரு. காய் நறுக்கற கத்தியைக்கூட நான் ஸ்கூலுக்குப் போறப்ப பையில எடுத்துட்டுப் போறேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. முதல்ல, துருப்பிடிச்சுரும்னு எடுத்து வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். அப்புறம் புரிஞ்சுது. புரிஞ்சதும் உக்காந்துட்டேன்.

நியாயமா பாருங்க சார். இந்த ஊர்ல பதினாலு சலூன் இருக்கு. அந்த மாதிரி ஒரு மனுஷரோட கழுத்துல தினம் கத்தி வைக்கற வேலை எனக்குத்தானா? முடியாதுன்னு சொல்லிருக்கணும். நாளைலேர்ந்து வேற கடை பாத்துக்குங்க டீச்சர்னு சொல்லிருக்கணும். "ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க, அப்பத்தான் கூட்டம் இருக்காது"ன்னு சொன்னேன். கிராக்கியை விட முடியுமா, வியாபாரம் இல்லையா.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் என் கத்தி கன்னத்துல கீறிருச்சு. அவருக்குப் பண்றப்ப இல்ல, அடுத்த ஆளுக்குப் பண்றப்ப. படிகாரம் ஒரு கட்டி தீர்ந்துருச்சு. அவர் உக்காந்திருக்கற வரைக்கும் கத்தியைக் கையிலேர்ந்து கீழ வைக்க மாட்டேன். முடிஞ்சதும் டிராயர்ல போட்டுப் பூட்டி, சாவியை டிரவுசர் பையில போட்டுக்குவேன். ஒரு நாள் அதைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தாரு.

"பயமா இருக்கா வைத்தி?"

"எனக்கென்ன சார் பயம்."

"எனக்கு இருக்கு. அதான் இங்க வர்றேன்."

அவ்வளவுதான் பேசினாரு. அதுக்கப்புறம் ஒரு வாரம் வாயைத் திறக்கல.

டாக்டர் எழுதிக் குடுத்த அந்தச் சீட்டை நான் பாத்திருக்கேன் சார். சட்டைப் பையில மடிச்சு வெச்சிருப்பாரு. கைக்குட்டை எடுக்கறப்ப ஒரு நாள் கீழ விழுந்துச்சு. ஆறு மணிக்கு எழுந்திருக்கவும். பல் தேய்த்து முகச்சவரம் செய்யவும். இருபது நிமிடம் வெயிலில் உட்காரவும். நடக்கவும். பசிக்காவிட்டாலும் மூன்று வேளை சாப்பிடவும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. பகலில் படுக்கக் கூடாது. தினம் ஒரு சின்ன வேலை செய்யவும். தினம் ஒருவரிடமாவது பேசவும். இதுதான். இதுக்கா சார் தஞ்சாவூர் போகணும்? இதை நானே எழுதிக் குடுத்திருப்பேன். எல்லா மனுஷனும் பண்றதுதானே? அதையே ஒருத்தருக்கு மருந்தா எழுதிக் குடுத்தா என்ன அர்த்தம்? டீச்சர்கிட்டக் கேட்டேன். "அதைப் பண்ண முடியாமப் போறதுதான்ணே வியாதி"ன்னாங்க. பல் தேய்க்க எழுந்து போறதுக்கு அவருக்கு ஒரு மணி நேரம் ஆகுமாம். கட்டில்ல உக்காந்து தரையைப் பாத்துக்கிட்டே இருப்பாராம். தரைக்கும் காலுக்கும் நடுவுல ஒரு ஆறு ஓடற மாதிரி இருக்கும்னு சொன்னாராம்.

எனக்கு அந்த மாதிரி வியாதியெல்லாம் வந்ததில்ல சார். என் சம்சாரம் தவறின வருஷம் நானும் நாலு மாசம் படுத்துக் கிடந்தேன். அது வேற. அது இடுப்பு வலி. ஆஸ்பத்திரியில படம் எடுத்தாங்க, படத்துல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. எடுக்கத் தெரியாத ஆள் எடுத்திருப்பான். சோறு இறங்காது. யாராவது வந்து பேசினா எரிச்சலா வரும். குளிக்கத் தோணாது. இடுப்புல வலி இருந்தா எப்படிக் குளிக்கறது? அதுக்கெல்லாம் நான் சீட்டு எழுதி வாங்கிட்டுத் திரியல. இந்தக் கட்டடத்துக்காரர் வந்து, கடையைத் திறக்கறியா, சாவியைக் குடுக்கறியான்னு கேட்டாரு. எழுந்துட்டேன். அன்னைலேர்ந்து ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கிருவேன். வீட்ல இருந்தா வலி வந்துருது.

இந்தப் பக்கம் திரும்புங்க. மீசையைக் கொஞ்சம் ஒதுக்கி விடட்டுமா? சரி.

அப்புறம் செவ்வாய்க்கிழமை விவகாரம். செவ்வாய்க்கிழமை சலூன் லீவுன்னு தமிழ்நாட்டுல யாருக்குத் தெரியாது? அந்த முதல் செவ்வாய்க்கிழமை நான் கடைக்கு வரல. புதன்கிழமை டீக்கடைக்காரர் சொல்றாரு, "ஏம்ப்பா, நேத்து சர்வேயர் சார் உன் ஷட்டருக்கு முன்னாடி முக்கா மணி நேரம் நின்னாரு, டீ குடிங்கன்னேன், தலையை மட்டும் ஆட்டினாரு." எனக்குக் கோபம் வந்துருச்சு. லீவுன்னு தெரியாதா? தெரியாம இருக்குமா, அரசாங்க உத்தியோகம் பாக்கற மனுஷனுக்கு? சீட்டுல தினம்னு போட்டிருக்கு, அதனால வந்திருக்காரு. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வந்து பாதி ஷட்டரைத் தூக்கி வெச்சேன். குனிஞ்சு உள்ள வந்தாரு. ஷேவிங் பண்ணிட்டுத் திரும்ப ஷட்டரை இறக்கிட்டேன். மூணாவது வாரம் சலூன்காரங்க சங்கத்துச் செயலாளர் வந்து நிக்கறாரு, "என்ன வைத்தி, லீவு நாள்ல கடை திறக்கறியாமே, நாங்கல்லாம் என்ன கேனையா?" நான், "கடை கழுவ வந்தேன்"னேன். "உள்ள ஆள் உக்காந்திருக்கு, நுரையோட." "அவரும் கழுவ வந்திருக்காரு"ன்னேன். செயலாளர் குனிஞ்சு பாத்தாரு. சர்வேயர் சாரும் அவரைப் பாத்தாரு. செயலாளர் நிமிந்து நடந்துட்டாரு. அப்புறமும் ஒண்ணும் கேக்கல.

தினம் ஷேவிங் முடிஞ்சதும் சீட்டை எடுத்து, தன் காதுல சொருகியிருக்கற சின்னப் பென்சிலால டிக் போடுவாரு. ஷேவிங்குக்கு ஒரு டிக். 'ஒருவரிடமாவது பேசவும்'ங்கறதுக்கு நேரா பாதி டிக். சரியா பாதி. சர்வேயர் இல்லையா, அளந்து போட்டாரு. பேசினது பூரா நான், பாதி டிக் அவருக்கு.

மூணு வாரம் இருக்கும். ஒரு நாள் ஷேவிங் நடுவுல தானா வாயைத் திறந்தாரு. நான் கத்தியை எடுத்துட்டேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப் போறாருன்னு நினைச்சேன்.

"கண்ணாடி இடது பக்கம் அரை இஞ்சு இறங்கியிருக்கு."

பதினோரு வருஷமா அந்தக் கண்ணாடி அங்க மாட்டியிருக்கு சார். எத்தனை தலை பாத்திருக்கு. ஒருத்தன் ஒரு குறை சொன்னதில்ல. எனக்கு முகம் சுண்டிப் போச்சு. அதெல்லாம் நேராத்தான் இருக்குன்னேன். மறுநாள் ரசமட்டம் எடுத்துட்டு வந்துட்டாரு. கண்ணாடிக்கு மேல வெச்சுக் காமிச்சாரு, உள்ள இருக்கற குமிழி ஒரு ஓரமா போய் நின்னுக்குச்சு. நாற்காலி மேல ஏறி, ஆணியைப் பிடுங்கி, அடையாளம் வெச்சு, அடிச்சு மாட்டினாரு. அரை மணி நேரம். கிராக்கிங்க ரெண்டு பேர் வெளிய நிக்கறாங்க. இறங்கினப்ப நெத்தியில வேர்வை. சீட்டை எடுத்து 'சின்ன வேலை'க்கு நேரா டிக் போட்டாரு. முழு டிக். என் கண்ணாடியை வெச்சு அவர் டிக் போட்டுக்கறாரு, நான் என்ன சொல்றது? இப்பப் பாருங்க, நேராத்தான் இருக்கு. நான் வேணாம்னுதான் சொன்னேன்.

இப்ப அந்த வீட்டுக்குப் போன கதை.

எங்க அப்பாவைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். எங்க ஆளுங்களுக்கு சாதி சர்டிபிகேட்ல மருத்துவர்னு போட்டிருக்கும் சார். எங்க அப்பாவை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. தகரப் பொட்டியைத் தூக்கிட்டு வீடு வீடாப் போவாரு. வாசல் வழியா இல்ல, கொல்லைப்பக்கமா. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, நாற்காலியில உக்காந்திருக்கறவனுக்குச் செரச்சு விடுவாரு. முடிச்சா அந்த இடத்துல தண்ணி தெளிப்பாங்க. அவர் நின்ன இடத்துல. நான் கூடப் போயிருக்கேன். பதினஞ்சு வயசுல சொன்னேன், நான் கடை வைப்பேன், கடையில நாற்காலி போடுவேன், எவனா இருந்தாலும் என் படி ஏறி வரட்டும், நான் எவன் வீட்டுக்கும் போக மாட்டேன்னு. வெச்சேன். முப்பத்திரண்டு வருஷமாச்சு. பெரிய பெரிய ஆளுங்க கார் அனுப்பியிருக்காங்க, போனதில்ல. கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை ஷேவிங்குக்குக் கூப்பிட்டாங்க, மாப்பிள்ளையை அனுப்புங்கன்னுட்டேன்.

இதை சர்வேயர் சார்கிட்ட ஒரு நாள் சொன்னேன். ஐப்பசின்னு ஞாபகம். பேச விஷயம் தீர்ந்து போச்சு, அதான் சொன்னேன். கண்ணை மூடிட்டு இருந்தாரு. தூங்கிட்டாருன்னு நினைச்சேன்.

கார்த்திகை வந்துச்சு. கார்த்திகைன்னா எங்களுக்குப் பாதிக் கடை காலி. ஊர்ல பாதிப் பேர் மாலை போட்டுருவாங்க. இருக்கற கிராக்கியில தினம் தவறாம வர்றவர் இவர் ஒருத்தர்தான். மழை வேற. ரெண்டு நாள் விடாம கொட்டுது. குடையோட வந்தாரு, கால் நனைஞ்சு வந்தாரு, ஆனா வந்தாரு. ரெண்டாவது நாள் சாயங்காலம் டீச்சர் வந்தாங்க. "நாளைக்குத் தஞ்சாவூர்ல எங்களுக்கு டிரெயினிங் வெச்சிருக்காங்கண்ணே. போகாம இருக்க முடியல. ஆறரை பஸ்ஸுக்குப் போறேன். அவர் வருவாரு. வரலேன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க." நம்பரை எழுதிக் குடுத்தாங்க.

மறுநாள் ஏழு மணி ஆச்சு. வரல. உரக்கடை சுப்பராயன் வந்தாரு, உக்கார வெச்சேன். ஏழே கால். நுரை போட்டேன். ஏழு இருபது. ஒரு கன்னம் எடுத்தேன். டீச்சருக்குப் போன் பண்ணினேன். மணி அடிக்குது, எடுக்கல. பஸ்ல கேக்காது. ஏழரை. சுப்பராயன், "என்ன வைத்தி, தெருவையே பாத்துக்கிட்டு இருக்க, காதை எடுத்துரப் போற"ங்கறாரு. "ஒரு நிமிஷம் இருங்க"ன்னேன். பொட்டியை எடுத்தேன். கத்தி, பிரஷ், கிண்ணம், துண்டு எல்லாத்தையும் போட்டேன். எதுக்கு எடுத்தேன்னு கேக்காதீங்க. வெறுங்கையோட போயி ஒரு அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டி, ஏன் சார் இன்னைக்கு வரலேன்னு கேக்க முடியுமா? நான் யாரு கேக்கறதுக்கு? பொட்டி இருந்தா ஒரு வேலையா வந்த மாதிரி இருக்கும்.

"யோவ், பாதி மூஞ்சியோட உக்கார வெச்சிட்டு எங்கய்யா போற?"ன்னு சுப்பராயன் கத்தினது நாலாவது கடை வரைக்கும் கேட்டுச்சாம்.

நாலு தெரு. குடை எடுக்க மறந்துட்டேன். ஓடினேன்னு டீக்கடைக்காரர் சொல்றாரு, நான் ஓடல. வேகமா நடந்தேன். இடுப்பு வலிக்காரன் எப்படி ஓடுவான்? அந்த வீட்டுக்கிட்டப் போனதும் என் கால் என்ன பண்ணிச்சு தெரியுமா? தானா சந்துல திரும்பிக் கொல்லைப்பக்கம் போகுது. கையில பொட்டி இருந்துச்சு இல்ல. எங்க அப்பா கால் சார் அது. கிணத்தடி வரைக்கும் போயிட்டேன். அப்புறம் நின்னு, திரும்பி, சந்து வழியா வந்து, வாசப்படி ஏறி, முன் கதவைத் தட்டினேன்.

சார்னேன். சர்வேயர் சார்னேன். திருஞானம் சார்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் பலமாத் தட்டினேன். மழைச் சத்தம். கதவை உடைக்கலாமான்னு பாத்தேன், தேக்கு. ஜன்னலும் சாத்தியிருக்கு. எத்தனை தடவை தட்டினேன்னு தெரியல, இந்த விரல் முட்டி ரெண்டு நாள் வீங்கியிருந்துச்சு.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு. கதவு திறந்துச்சு. நிக்கறாரு. கைலி, பனியன், கலைஞ்ச தலை. முழுசா நிக்கறாரு. மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தேன். அப்புறந்தான் மூச்சு விட்டேன்.

"எழுந்திருக்க முடியல வைத்தி."

"எழுந்துதானே சார் வந்து கதவைத் திறந்தீங்க."

யோசிச்சாரு. உண்மையிலேயே யோசிச்சாரு. "நீங்க தட்டினீங்க"ன்னாரு.

"சரி சார். ஒரு நாற்காலி இருந்தா இங்கயே போடுங்க. வெளிச்சம் இருக்கு, பண்ணிரலாம்."

பொட்டியைப் பாத்தாரு. என் தலையிலேர்ந்து தண்ணி சொட்டுது, அதைப் பாத்தாரு.

"நீங்க யார் வீட்டுக்கும் போக மாட்டீங்களே."

"மழை சார். அதான்."

"வேண்டாம். இங்க வேண்டாம். நான் கடைக்கு வர்றேன். சட்டை போட்டுட்டு வர்றேன், இருங்க."

சட்டை போட இருபது நிமிஷம் ஆச்சு சார். நான் ரேழியிலயே நின்னேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல. நடுவுல ரெண்டு தடவை, "வரட்டுமா சார் உள்ள?"ன்னேன். "வேண்டாம், வந்துடறேன்"னாரு. வந்தாரு. பொத்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருந்தாரு. குடையைப் பிரிச்சு என் தலைக்குந்தான் பிடிச்சாரு. நாலு தெருவும் மெதுவா நடந்தோம். ரெண்டு இடத்துல நின்னாரு. நானும் நின்னேன். ஒரு இடத்துல, "காலைல முழிச்சதும் இன்னைக்கு எதுக்குன்னு வந்துச்சு. அதுக்கு பதில் தெரியல"ன்னாரு. "சுப்பராயன் பாதி மூஞ்சியோட உக்காந்திருக்காரு சார், சீக்கிரம் வாங்க"ன்னேன். நடந்தாரு.

சுப்பராயனுக்கு நுரை காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சு. எழுந்து நின்னு கத்த வாயைத் திறந்தாரு. சர்வேயர் சார் கையைக் கூப்பி, "மன்னிக்கணும், என்னாலதான் லேட்டாயிருச்சு"ன்னாரு. சுப்பராயன் பொத்தானைப் பாத்தாரு. என் கையில இருந்த பொட்டியைப் பாத்தாரு. அவரும் இதே ஊர்க்காரர்தானே, பொட்டியோட நான் வெளிய போக மாட்டேன்னு அவருக்குத் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்துட்டாரு. "முதல்ல அவருக்குப் பண்ணு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல"ன்னு பெஞ்சுல போய் உக்காந்தாரு, பாதி மூஞ்சியோட.

எட்டரைக்குப் போன் அடிச்சுது. டீச்சர். "வந்துட்டாராண்ணே?" "உக்காந்திருக்காரு டீச்சர்." அவ்வளவுதான் சொன்னேன். பஸ் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுச்சு. அவங்க வீட்டுக்குப் போனதை நான் டீச்சர்கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அங்க ஷேவிங் பண்ணலையே, அதனால அது கணக்குல வராது.

அன்னையோட குணமாயிட்டாருன்னு நினைக்காதீங்க. மார்கழில திரும்ப ரெண்டு வாரம் மோசமா போச்சு. டாக்டர் மாத்திரையை மாத்தினாரு. வாய் உலர்ந்து போகுதுன்னு இங்க வந்து தண்ணி வாங்கிக் குடிப்பாரு. பொங்கலுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. முதல்ல டீக்கடையில ஒரு டீ. அப்புறம் பேப்பர். அப்புறம் பேப்பர்ல இருக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை. குளத்தைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சாரு, எத்தனை அடின்னு எண்ணிட்டு வந்து சொல்லுவாரு. ஒரு நாள் டிக் போட்டப்ப எட்டிப் பாத்தேன், 'பேசவும்'க்கு நேரா முழு டிக். அன்னைக்கு நான் தொண்டை கட்டிப் பேசாம இருந்தேன். மாசி மாசம் ஆபீஸ்ல சேந்தாரு.

இப்ப அநியாயத்துக்கு வர்றேன். பங்குனி ரெண்டாம் தேதி ஏழு மணிக்கு வரல. பொட்டியை எடுத்துட்டேன். படியில இறங்கறேன், எதுக்க டீச்சர் ஸ்கூட்டர்ல வர்றாங்க. முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, நேத்து நானே கடைக்குப் போயி அவருக்கு ஷேவிங் செட் வாங்கிட்டு வந்தேன். காலைல கண்ணாடி முன்னாடி நின்னு அவரே பண்ணிக்கிட்டாரு. நான் பக்கத்துல நிக்கல. அடுப்படியில இருந்தேன். தோசை சுட்டுக்கிட்டு இருந்தேன்ணே"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றாங்க. கண்ணைத் துடைச்சுக்கறாங்க, சிரிக்கறாங்க.

ஆறு மாசம் சார். ஒரு நாள் விடாம. செவ்வாய்க்கிழமை உள்பட. கடைசியில ஒரு பிளாஸ்டிக் ஷேவிங் செட். அதுல தாடைக்குக் கீழ சரியா வராது, நான் பாத்தேனே அப்புறம், இடது பக்கம் நாலு முடி அப்படியே நிக்குது. நியாயமா சொல்லுங்க, இது சரியா? இதைச் சொன்னா ஊர்ல சிரிக்கறாங்க. சுப்பராயன், "யோவ், நீ சந்தோஷப்படணும்யா"ங்கறாரு. சந்தோஷம் வேற, கிராக்கி வேற. ஏழு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் நான் என்ன பண்றது?

மாசக் கட்டிங்குக்கு மட்டும் வர்றாரு, முன்ன மாதிரி. போன வெள்ளிக்கிழமை வந்தாரு.

"வேதாரண்யத்துக்கு மாத்திட்டாங்க வைத்தி. திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும். டீச்சர் பரீட்சை முடிஞ்சுதான் வருவாங்க."

முந்தின வாரமே டீச்சர் சொல்லிட்டாங்க. இருந்தாலும் அப்பத்தான் கேக்கற மாதிரி, அப்படியா சார்னேன்.

"ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. இது ஒரேயடியா போயிடற வியாதின்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மாத்திரை சாப்பிடறேன். நடக்கறேன். எல்லாம் பண்றேன். இருந்தாலும் திரும்ப வரலாம். வந்தா எங்க போய் உக்கார்றதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கணும். அந்த ஊர்ல காலைல சீக்கிரம் கடை திறக்கற ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

என் மச்சினன் அங்கதான் சார் கடை வெச்சிருக்கான், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. நல்ல கை. ஆறு மணிக்கே திறந்துருவான். ரொம்பப் பொறுமைசாலி. அவன் நம்பரை டீச்சர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன், அது வேற. சர்வேயர் சார்கிட்ட நான் அதைச் சொல்லல.

"அந்த ஊர்ல சரியான ஆள் கிடையாது சார்"னேன்.

"அப்ப என்ன பண்றது?"

"அங்கேர்ந்து காலைல நாலே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கு. ஏழு மணிக்கெல்லாம் இங்க வந்துரலாம்."

சிரிச்சாரு சார். வாய் விட்டுச் சிரிச்சாரு, கத்திரியை எடுத்துட்டேன், அவ்வளவு சிரிப்பு. ஒரு ஷேவிங்குக்கு யாராவது ரெண்டே கால் மணி நேரம் பஸ்ல வருவாங்களா வைத்தின்னாரு. நான் சிரிக்கல. இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? டிப்போவுக்கே போயி, டைம் கீப்பர்கிட்ட விசாரிச்சுட்டு வந்துதான் சொல்றேன். ஞாயித்துக்கிழமையும் உண்டு. நடுவுல எங்கயும் பஸ் மாற வேண்டியதில்ல.